விற்பதற்கு முன் சூட்டையும் சோதியுங்கள்: பழைய கணினி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய மேசைக் கணினிகளைச் சீர்செய்து விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் குப்பைக்குப் போகாமல் இன்னும் சில ஆண்டுகள் உழைப்பது உங்களால்தான். அந்த உழைப்பின்மீது மதிப்பு வைத்தே ஒரு குறையை முன்வைக்கிறேன். கணினி இயங்கத் தொடங்குகிறதா, திரையில் விண்டோஸ் தெரிகிறதா என்று பார்த்ததும் உங்களில் பலர் சோதனையை முடித்துக்கொள்கிறீர்கள். முழு வேலை கொடுத்தால் பிராசஸர் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதில்லை.

சும்மா இருக்கும் கணினியில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். உங்கள் மேசையில் 45 டிகிரி செல்சியஸ் காட்டும் அதே பிராசஸர், வாங்கியவர் வீட்டில் காணொளி அழைப்பு ஒன்று சற்று நீண்டதும் 100 டிகிரியைத் தொடுகிறது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு அதுவே எல்லை. அதை நெருங்கியதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினி சட்டென்று அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 41 என்ற எண்ணோடு, கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்ற செய்தி மட்டுமே இருக்கும். சூடுதான் காரணம் என்று அது சொல்லாது. ஆகவே வாங்கியவர் வைரஸைச் சந்தேகிக்கிறார், விண்டோஸை மறுபடி நிறுவுகிறார், தேவையில்லாமல் ரேம் வாங்கிப் போடுகிறார்.

‘சர்வீஸ் செய்தது’ என்ற உறுதியோடு நான் வாங்கிய கணினி ஒன்றும் இப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. வேலை கொடுத்த சில நொடிகளிலேயே சூடு 90-ஐத் தாண்டியது; வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கியது. இப்படித் தாவி ஏறினால் பெரும்பாலும், சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகட்டு அமைப்பான ஹீட் சிங்க் பிராசஸரோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்; தூசியோ காற்றோட்டக் குறைவோ காரணமானால் சூடு பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறும். மதர்போர்டின் பின்பக்கத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் மூன்றின் கால்கள் துளை வழியாக வந்து விரிந்திருந்தன. நான்காவதன் கால் மடங்கி, துளைக்குள்ளேயே நுழையாமல் நின்றிருந்தது. அந்த மூலையில் ஹீட் சிங்க் சற்றே தூக்கியிருந்தது. கழற்றிப் பார்த்தால், பழைய தெர்மல் பேஸ்ட் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. ஃபேன் இறக்கைகள் மட்டும் பளிச்சென்று துடைக்கப்பட்டிருக்க, அவற்றுக்குக் கீழே ஹீட் சிங்கின் தகடுகளை மூடித் தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. கண்ணில் படுகிற பகுதியை மட்டும் துடைப்பதற்குச் சர்வீஸ் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்ததன் மேலேயே புதியதைப் பூசுகிறவர்களையும், அள்ளி அப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட். தடித்துவிட்டால் அதுவே சூட்டுக்குத் தடையாகும். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு சிறு துளி வைத்தால் பெரும்பாலான பிராசஸர்களுக்குப் போதும். ஏஎம்4 வகை சாக்கெட்டில் (பிராசஸரைப் பொருத்தும் இடம்) ஏஎம்டி பிராசஸர் உள்ள கணினிகளில், பேஸ்ட் இறுகியிருக்கும்போது ஹீட் சிங்கை நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்; சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தபின், இளஞ்சூட்டோடு இப்படியும் அப்படியும் திருகி எடுப்பதே பாதுகாப்பு.

இன்னொரு வழக்கத்தையும் கைவிடக் கேட்கிறேன். விலை கூட்டுவதற்காகப் பிராசஸரை மட்டும் மாற்றிவிட்டு ஹீட் சிங்கை அப்படியே விடுகிறீர்கள். இன்டெலின் ஐ5-4590டி 35 வாட் வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்ட பிராசஸர். அதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ7-4790 84 வாட். முன்னதற்கென்று வந்த சிறிய ஹீட் சிங்க் பின்னதன் வெப்பத்தைத் தாங்காது. கழற்றும்போது ஓரமாக எடுத்து வைத்த பிளாஸ்டிக் காற்றுக்கூண்டைத் திரும்ப மாட்டாமல் விற்பதும் அப்படியே. பிராண்டட் கணினிகள் பலவற்றில் வெளிக்காற்றைப் பிராசஸருக்கு வழிநடத்துவது அதுதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். விற்பதற்கு முன் கேபினெட்டை மூடிவைத்து, பிரைம்95 போன்ற மென்பொருளால் அரை மணி நேரம் முழு வேலை கொடுங்கள்; வெப்பநிலையைக் கண்காணிக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டும் உச்ச அளவையும், அப்போதைய அறை வெப்பநிலையையும், பேஸ்ட் மாற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்க மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். கணினி தானாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த கணினியைக் கவனிக்கலாம், ஆகையால் நேரமில்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். மூடியைத் திறந்ததும் சூடு வெகுவாக இறங்கினால் கேபினெட்டின் காற்றோட்டத்தைப் பாருங்கள். இறங்காவிட்டால் ஊசிகளையும் பேஸ்ட்டையும் பாருங்கள். எல்லாம் செய்தும் 90-க்குக் கீழே வராத கணினியை, அந்த எண்ணை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளையே வாங்கிப் பயன்படுத்தும் ஒருவர்