குகையின் கூரையில் கார் நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னப் பூங்காக்களுக்குள் காக்கப்படும் சுண்ணாம்புக்கல் குகைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் உள்ளே வண்ண விளக்கு, மேலே சிமென்ட் தளம் போட்ட கார் நிறுத்துமிடம் என்று போகிற அந்த வசதிப் பட்டியலோடுதான் எனக்குச் சண்டை.

குகைக்குச் சோறு போடுவது அதன் தலைக்கு மேலிருக்கும் மண். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை விரிசல்களில் சுண்ணாம்பைக் கரைத்தபடி கீழே வருகிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்துவிட, சுண்ணாம்பு படிகிறது. கூரையில் தொங்கும் கல்விழுதுகள் இப்படித்தான் வளர்கின்றன. பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பத்து சென்டிமீட்டர் விழுதை ஒருவர் ஒடித்துப் பையில் போட்டால் ஆயிரம் ஆண்டு வேலை போச்சு.

மேலே தளம் போட்டு மூடினால் அந்தச் சொட்டு நிற்கும், அல்லது திசை மாறும். கார் எண்ணெய், புல்வெளி உரம், கழிப்பறைக் கசிவு எல்லாம் நேராகக் குகைக்குள் இறங்கும். மணலைப் போல வடிகட்டித் தர இந்தப் பாறை விரிசல்களுக்குத் தெரியாது.

விளக்குகளும் அப்படித்தான். வெளிச்சம் விழுந்த பாறையில் பாசி பிடிக்கும். ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948-ல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அவர்களின் மூச்சுக்காற்றும் பாசியும் ஓவியங்களைக் கெடுக்க, 1963-ல் மூடிவிட்டார்கள்.

அப்போ யாருமே பார்க்கக் கூடாதா? பார்க்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கார்ட்ச்னர் குகையை 1974-ல் கண்டுபிடித்தவர்கள் ஊரைக் கூட்டவில்லை. 1988-ல் மாநில அரசு அதை வாங்கும்வரை ரகசியம் காத்தார்கள். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறாதபடி அடுத்தடுத்துக் கதவுகள் வைத்து, 1999-ல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். அதன் பெரிய கூடத்தை வௌவால்கள் குட்டி போடும் காலத்தில் மூடிவிடுகிறார்கள்.

சின்னப் பூங்காவுக்கு அவ்வளவு பணம் ஏது என்பீர்கள். சரி, பணம் அதிகம் கேட்காத வேலைகள் இருக்கின்றனவே! குகைக்கு மேலுள்ள மரங்களையும் மண்ணையும் அப்படியே விடலாம். நிலையான விளக்குகளைக் கழற்றிவிட்டு, சின்னக் குழுக்களாகக் கைவிளக்கோடு அழைத்துப் போகலாம். வாசலில் அடைத்த கதவுக்குப் பதில், வௌவால் பறந்து போகுமளவு இடைவெளி விட்ட கிடைமட்டக் கம்பிகள் போதும். கார்களைக் குகைக்கு மேலே வராமல் தள்ளி நிறுத்தச் சொன்னால் கொஞ்சம் முணுமுணுப்பு வரும். வரட்டுமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்