மாணவரின் மெயில் ஐடி மாணவர் கையில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு நெருங்கிவிட்டால் எந்தப் படிப்பில் சேரலாம், எந்தக் கல்லூரி நல்லது, கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று உங்கள் நாளிதழ் உட்பட எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். தேவைதான், பெற்றோர் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதற்கெல்லாம் முந்தைய படி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் கொடுக்கிற மின்னஞ்சல் முகவரி உண்மையில் யாருடையது?

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியர். சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும், என் மாணவி ஒருத்தியின் அப்பா வேர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கே வந்துவிட்டார். பொறியியல் கலந்தாய்வில் மகளுக்குத் தற்காலிக ஒதுக்கீடு வந்திருக்கிறது, அதை உறுதி செய்ய அன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம், உள்ளே போக பாஸ்வேர்ட் தெரியவில்லை. விண்ணப்பம் போட்டது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெட் சென்டரில், மெயில் ஐடி உருவாக்கியதும் அந்தக் கடைக்காரர்தான். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் அதுவும் அந்த மெயில் வழியாகத்தான் நடக்க வேண்டும், மெயிலுக்குள் போகும் பாஸ்வேர்டும் அவரிடம்தான். அவரோ ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போயிருந்தார். போனில் பிடித்தபோது, "நோட்டுல எழுதி வச்சிருக்கேன் சார், மேஜை டிராயர்ல இருக்கு" என்றார். அவருடைய தம்பி சாவி கொண்டுவந்து ஷட்டரைத் தூக்கியபோது மணி நாலே கால்.

அந்த நோட்டை நான் மறக்க மாட்டேன். நீள லாங் சைஸ் நோட்டு, ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்ட், சிலருக்கு ஆதார் எண், பிறந்த தேதி. பாஸ்வேர்ட் எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுதான், கடையின் பெயரும் கடைசியில் மூன்று எண்களும். என்னிடம் படித்த பல பேருடைய பெயர்கள் அதில் இருந்தன, மூன்று வருடத்துக்கு முன் கல்லூரிக்குப் போனவர்கள் கூட. அந்தப் பெண்ணுக்கு நாலே முக்காலுக்கு உறுதி செய்துவிட்டோம், இடம் கிடைத்தது, இப்போது படிக்கிறாள். கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவர் இல்லாவிட்டால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பமே போயிருக்காது. ஆனால் ஒரு பிள்ளையின் அடுத்த நாலு வருடம் ஒரு கடை டிராயரில் பூட்டிக் கிடந்ததை நேரில் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆன்லைன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2018-க்கு முன்னால் பொறியியல் கலந்தாய்வு என்றால் பிள்ளையும் அப்பாவும் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் நிற்க வேண்டும். போக வர செலவு, ஒரு நாள் கூலி, சாப்பாடு. அந்த அலைச்சல் போனது பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் காலத்தில் அழைப்புக் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவருவார், வீடு பூட்டியிருந்தால் எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார், சாயங்காலம் தெருவுக்கே தெரிந்திருக்கும். மின்னஞ்சலுக்கு எதிர் வீடு கிடையாது. திறக்கத் தெரிந்தவன் திறந்தால்தான் கடிதம்.

இப்போது பல பள்ளிகளில் ஹைடெக் லேபிலேயே மெயில் ஐடி உருவாக்கித் தருகிறோம், நல்ல விஷயம். ஆனால் எப்படித் தருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் வகுப்பு முழுவதற்கும் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஆசிரியரே தட்டிவிடுகிறார், ஓடிபி கேட்டால் தன் நம்பரைக் கொடுக்கிறார், மறக்காமல் இருக்க எல்லோருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்ட் வைத்து அதை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். நானே இரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன், அந்த நெட் சென்டர் நோட்டுக்கும் என் பதிவேட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய் அதைத் திறப்பதே இல்லை. இரண்டு ஆண்டு திறக்காத கணக்குகளை நீக்கிவிடுவோம் என்று கூகுள் 2023-இல் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. மூன்றாம் வருடம் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேடினால் அது இருக்குமா?

வேலை என்று வரும்போது இன்னும் சிக்கல். பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன், நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்ன மெயிலைப் பதினோரு நாள் கழித்து, வேண்டாத மெயில்கள் என்று ஒதுக்கப்படுபவை போய் விழும் ஸ்பேமில் பார்த்தான், தேதி முடிந்து போயிருந்தது. ஸ்பேம் என்று ஒரு பெட்டி இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னொருவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை என்று பணி ஆணையே வந்தது, கம்பெனி முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்க்கப் பிரமாதம். சீருடைக்கும் பயிற்சிக்கும் 6,500 ரூபாய் கட்டுங்கள், முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தருவோம் என்று கேட்டிருந்தார்கள். நல்லவேளை கட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினான். அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தால், யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் தொடங்கக்கூடிய இலவச ஜிமெயில். அவ்வளவு பெரிய கம்பெனி தன் பெயரில் முகவரி இல்லாமல் ஜிமெயிலில் இருந்தா ஆள் எடுக்கும்? அந்த ஒரு வரியைப் பார்க்க யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்ய வேண்டும் என்பதும் தெரியாது. இவர்களை ஏமாளி என்று சொல்லாதீர்கள், நாம் கற்றுக்கொடுக்கவில்லை.

பள்ளியில் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்றால், அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, கடைசியில் ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி. இதற்கு மதிப்பெண் உண்டு. சென்ற அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, அவரவர் கையாலேயே கணக்குத் தொடங்கி எனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன். பாதிப் பேர் பொருள் பகுதியைக் காலியாக விட்டிருந்தார்கள், சிலர் முழுக் கடிதத்தையும் அந்த ஒரு வரிக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். ஒரு பெண் எல்லாம் சரியாக எழுதி, மெயிலின் அடியில் கோடுகளால் கட்டம் போட்டு, உள்ளே உறைமேல் முகவரி என்று என் பெயரையும் பள்ளி முகவரியையும் எழுதியிருந்தாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள்.

இன்னொரு தயக்கமும் அப்போதுதான் தெரிந்தது. மெயில் என்றாலே இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் நகலெடுத்த நாலு வரியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தமிழிலேயே எழுதுங்கள், கலெக்டருக்கே தமிழில் மெயில் அனுப்பலாம் என்று சொன்னதும் ஒருவன் எழுதினான் பாருங்கள், தன் ஊருக்குக் காலை ஏழரை பஸ் நின்றுபோனதைப் பற்றி, தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பது வரை, அப்படித் தெளிவாக.

அந்தக் கடிதத்தைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அவனையே அனுப்பச் சொன்னேன். மெயில் பாக்ஸ் நிறைந்திருப்பதாகத் திரும்பி வந்துவிட்டது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அலுவலகங்கள், கல்லூரிகள் எல்லாம் தங்கள் இணையதளத்தில் ஒரு முகவரியைப் போட்டு வைத்திருக்கின்றன, பல இடங்களில் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லை. கேட்டால் நேரில் வாங்க என்கிறார்கள். மின்னஞ்சலின் பெரிய பலமே அதில் தேதியும் நேரமும் நிற்பதுதான், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு வருகிற உத்தரவு போன் மாறினால் காணாமல் போய்விடும், கணக்கை அவ்வப்போது திறந்து பார்த்து வந்தால் மெயில் ஐந்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். அந்தப் பக்கம் திறந்து பார்க்க ஆள் இருந்தால்தான் இதெல்லாம் பயன்படும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் நாலு பீரியட். பிள்ளை தானே கணக்குத் தொடங்கட்டும், பாஸ்வேர்ட் தானே வைக்கட்டும், மீட்பு நம்பராக வீட்டில் மாறாமல் இருக்கிற நம்பரைக் கொடுக்கட்டும், ஒரு சான்றிதழை இணைத்து அனுப்பிப் பழகட்டும். வாரம் ஒரு முறை ஸ்பேமையும் சேர்த்துத் திறந்து பார்க்கட்டும். தேர்வில் உறைமேல் முகவரிக்குப் பக்கத்தில் மின்னஞ்சலுக்கும் இரண்டு மதிப்பெண் கொடுத்தால் எல்லாப் பள்ளியிலும் தானாக நடக்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன், முதல் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மாணவர் பக்கத்தில், "உங்கள் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு கட்டம் போடுங்கள். நெட் சென்டரில் ஐடி தொடங்கிய பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கடைக்குப் போய்த் தங்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
புதுக்கோட்டை மாவட்டம்.