மொட்டை மாடி சோலார், பேட்டரித் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் 10 கிலோவாட் சோலார் பேனல்கள் ஏறிவிட்டன. பொது மீட்டருக்கு நெட் மீட்டரும் (மின்வாரியத்துக்கு நாம் கொடுப்பதையும் அங்கிருந்து வாங்குவதையும் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) பொருத்தியாயிற்று. நல்ல வெயில் நாளில் 40 யூனிட் வரை கிடைக்கிறது. பேனல் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கேள்வியெல்லாம் பேட்டரியைப் பற்றித்தான். "நெட் மீட்டர் இருக்கும்போது பேட்டரிக்கு ஏன் இவ்வளவு பணம்?" என்று பொதுக்குழுவிலேயே கேட்டீர்கள். பேட்டரி இல்லாத சோலார், மின்வாரிய சப்ளை நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேன்மீது நம் பேனல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்றுதான் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அப்படிச் செய்கிறார்கள். அதாவது பேட்டரி இல்லையென்றால், உச்சி வெயிலில் கரண்ட் போனாலும் லிஃப்ட் ஓடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் நின்றபோது நம் ஜெனரேட்டரும் மூழ்கியது. மூழ்காமல் இருந்திருந்தாலும் டீசல் வாங்கி வர வழியில்லை. நாலாவது மாடிப் பெரியவரை நாற்காலியோடு தூக்கி நம் பிள்ளைகள் படியில் இறக்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் தீர்மானமே போட்டோம்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். ஆர்டரில் எழுதியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 20 யூனிட் கொள்ளளவு. வண்டியில் வந்ததோ டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் பழைய ஈய-அமில வகை. "அதே 20 யூனிட்தான் சார், விலையும் குறைச்சுத் தர்றேன்" என்றார். கணக்கு அப்படி இல்லை. டியூபுலரில் பாதிச் சார்ஜுக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். ஆக, கைக்கு வருவது 10 யூனிட். லித்தியத்தில் 16 யூனிட் தாராளமாக எடுக்கலாம். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் தேடவும் வேண்டாம். லித்தியம் தீப்பிடிக்கும் என்று பயந்தவர்களுக்கு: லித்தியம் வகைகளில் சூட்டை அதிகம் தாங்குவது இந்த பாஸ்பேட் வகைதான், அதனால்தான் பெயரைக் குறிப்பிட்டு ஆர்டர் கொடுத்தோம்.

டியூபுலரை வண்டியிலிருந்து இறக்க விடவில்லை. வண்டி திரும்பிப் போனது, வேலையும் ஏழு வாரம் நின்றது. கமிட்டியின் பிடிவாதத்தால் காரியம் கெட்டது என்று சிலர் பேசினார்கள். மனசு வலித்தது. கடைசியில் ஆர்டர் காகிதத்தைப் பொருளாளர் எடுத்து வைத்த பிறகு, பேசிய விலைக்கே சரியான பேட்டரி வந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவில்லை.

அப்படியானால் மதிப்பீட்டைத் தாண்டிய ₹74,000? பேட்டரியைக் கீழே வைத்தால் வெள்ளம், மொட்டை மாடியில் வைத்தால் வெயில். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே முதல் மாடியில் சங்க அறையில் தடுப்புச் சுவர் எழுப்பி பேட்டரியை அங்கே வைத்தோம். சுவரும் கதவும் ₹31,000, கூடுதல் கேபிள் ₹29,000, புகை அலாரமும் தீயணைப்பானும் ₹14,000. இதை முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்காதது எங்கள் தவறு. இடத்தை மாற்றியது தவறல்ல.

மொத்தச் செலவு ₹11,94,000. 48 வீடுகள் தலா ₹18,000 கொடுத்தது ₹8,64,000. மத்திய அரசு மானியம், கிலோவாட்டுக்கு ₹18,000 வீதம், ₹1,80,000. அது வேலை முடிந்த பிறகே வரும் என்பதால் பொருளாளர் அதுவரை வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்தார். மீதி ₹1,50,000 நன்கொடை: ஏ3 ஆசிரியை அம்மா, கணவர் நினைவாக ₹50,000; பி7 வீட்டுக்காரரின் மகன் சிங்கப்பூரிலிருந்து ₹40,000; சி2 மளிகைக்கடைக்காரர் ₹25,000; டி11 தம்பதி ₹20,000; இளைஞர்கள் வசூலித்தது ₹14,000; கேட் ஓரத்து இஸ்திரி அண்ணன் ₹1,000. அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை, தானாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு வேண்டுகோள். தண்ணீர் ஏற்றும் 5 எச்.பி. மோட்டார் மணிக்கு நாலு யூனிட் இழுக்கும். இரவில் கரண்ட் இல்லாதபோது அதைப் போடாதீர்கள். லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் சார்ஜ் மிஞ்சட்டும். பழைய ஜெனரேட்டரை என்ன செய்வது என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

பில்கள் அனைத்தும் சங்க அறையில் உள்ளன. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நான் அங்கேதான் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் அவசியம் வந்து பாருங்கள்.

செயலாளர்,
திருப்பணிக் குழுவுக்காக