பத்து நாள் எதற்கு? வீட்டு சர்வர் கேட்டிருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, வணக்கம்.

"காலணிப் பெட்டி அளவுதானே இருக்கிறது, இதைக் கட்டித் தர எதற்குப் பத்து நாள்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாகங்களைப் பொருத்தி முடிக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதும். மீதி நாள்களில் என்ன செய்கிறோம், அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க ஏன் மறுக்கிறோம் என்று விளக்கமாகச் சொல்லவே இந்த மடல்.

வீட்டு சர்வர் என்று நீங்கள் கேட்பது உண்மையில் இரண்டு இயந்திரங்கள். குடும்பப் படங்களையும் காணொளிகளையும் திரைப்படத் தொகுப்பையும் ஓரிடத்தில் வைத்து, வீட்டிலுள்ள எல்லாத் திரைகளுக்கும் பரிமாறுவது ஒன்று. ஒரே கணினியைப் பல கணினிகளாக இயங்கவைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருளின் மேல் மூன்று நான்கு மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது இன்னொன்று: லினக்ஸ் பழக ஒரு கணினி, கேமராக்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கணினி, பழைய கணக்கு மென்பொருளுக்காக ஒரு கணினி. முதலாவதற்கு நிறைய டிஸ்க்கும் குறைந்த சூடும் வேண்டும். இரண்டாவதற்கு ரேமும் வேகமும் வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டில் குடிவைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மதர்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கேபினட்களுக்கு நாங்கள் பயன்படுத்தும் மினி ஐடிஎக்ஸ் அளவை வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 170 மில்லிமீட்டர், சதுரம். அதில் கூடுதல் அட்டை செருக ஒரே ஓர் இடம்தான் உண்டு. அங்கே கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று கேட்பவர்களிடம் நாங்கள் பெரும்பாலும் வாதாடுகிறோம். காணொளியைத் திரைக்கேற்ப மாற்றித் தரும் வேலையை பெரும்பாலான இன்டெல் செயலிகளுக்குள்ளேயே இருக்கும் குயிக் சிங்க் பகுதி 2011இலிருந்து செய்துவருகிறது. அண்மைத் தலைமுறைச் செயலிகளில் 4கே காணொளிக்கும் அது தாராளமாகப் போதும். அந்த ஒற்றை இடத்தை டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர் அட்டைக்கு விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். அந்த அட்டையை அப்படியே சேமிப்புக்கான மெய்நிகர் கணினியின் கையில் ஒப்படைக்கலாம். மதர்போர்டு அதற்கு இடம் கொடுக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுகிறோம்.

ரேம் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கிறோம். செயலியின் கோர்களை (உள்ளே கணக்கிடும் தனித்தனி அலகுகளை) நான்கு மெய்நிகர் கணினிகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். ரேம் அப்படியல்ல, ஒன்றுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய அதற்கே போய்விடும். சேமிப்புப் பகுதிக்கு 8 ஜிபி, மெய்நிகர் கணினிகள் மூன்றுக்குத் தலா 4 ஜிபி என்று கூட்டினாலே 20 ஆகிவிடுகிறது. ஆகவே 32 ஜிபிக்குக் கீழே இந்த இரட்டை வேலையை நாங்கள் ஏற்பதில்லை. இன்டெல் என்100 அருமையான சிக்கனச் செயலி. ஆனால் அதற்கு இன்டெல் குறிப்பிடும் உச்ச ரேம் 16 ஜிபி. படம் பார்க்க மட்டும் என்றால் அதையே பரிந்துரைப்போம்.

மெய்நிகர் கணினிகளைச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில்தான் வைப்போம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், கேட்ட தகவல் அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே சுற்றி வருவதற்கே சராசரியாக 4 மில்லிவினாடி ஆகிறது; முள் நகரும் நேரம் தனி. பெரிய படக்கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்க அது போதும். நான்கு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் நான்கு திசையில் இழுத்தால் தாங்காது. ஹார்ட் டிஸ்க்கிலும், தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகையை நாங்கள் தொடுவதே இல்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த கூட்டணியில் ஒரு டிஸ்க் செத்து, புதியது அதன் இடத்தை நிரப்பும் நேரத்தில்தான் அந்த வகை காலை வாரும். மற்ற டிஸ்க்குகளெல்லாம் மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருக்கும்போது அது நாள்கணக்கில் தடுமாறிக்கொண்டிருக்கும்.

இனி அந்தப் பத்து நாளுக்கு வருகிறேன். அதற்கு முன், எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொடக்க காலத்தில் நான்கு டிஸ்க் வைத்த ஒரு பெட்டியைக் கட்டி, ஒரு மாலை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. "டிஸ்க் போய்விட்டது" என்றார் வாடிக்கையாளர்; முகம் வாடியிருந்தது, குழந்தையின் படங்கள் அதில் இருந்தன. பக்கத் தகட்டைக் கழற்றினோம். நடுவிலிருந்த டிஸ்க்கைத் தொட்டபோது விரலை அங்கே வைத்திருக்க முடியவில்லை. அதன் தகவலைக் கொண்டுசெல்லும் சாட்டா கேபிள் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நசுங்கி, முனையில் வெள்ளைக் கோடாக மடிந்திருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் 199ஆம் எண்ணைப் பார்த்தோம். கேபிள் வழியே தகவல் சிதைந்து வந்த ஒவ்வொரு முறையையும் எண்ணிவைக்கும் கணக்கு அது, எகிறியிருந்தது. டிஸ்க்கில் பழுதில்லை, படங்களும் தப்பின. பழுது எங்கள் அவசரத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்துவைத்துச் சோதித்தோம், மூடியபின் சோதிக்கவில்லை. மூடினால்தான் கேபிள் நசுங்குகிறது, மூடினால்தான் சூடு ஏறுகிறது.

அன்றிலிருந்து எல்லாச் சோதனையும் மூடிய பெட்டியில்தான். முதல் இரவு ரேம் சோதனை. அடுத்து டிஸ்க்குகள். ஒவ்வொன்றையும் நான்கு வெவ்வேறு வடிவத் தகவலால் முழுக்க எழுதி, எழுதியதை ஒவ்வொரு முறையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறோம். 8 டெராபைட் டிஸ்க்கை ஒருமுறை முழுதாகக் கடக்க ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். எட்டு முறை என்றால் நான்கு நாள். இதை விரைவுபடுத்த வழியே இல்லை. பலவீனமான டிஸ்க் தன் குறையைக் காட்டினால் எங்கள் மேசையிலேயே காட்டட்டும். இந்த நாள்களில் எந்த டிஸ்க்காவது 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேனை மாற்றி மீண்டும் தொடங்குகிறோம்.

பிறகு எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் தரும் பாகம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் 5 முதல் 8 வாட் வரைதான் குடிக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில வினாடிகளில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கும் ஒன்றாக எழுந்தால் டிஸ்க்குகளுக்கு மட்டுமே 100 வாட்டை நெருங்குகிறது. ஆகவே முழுதாக அணைத்துப் பலமுறை எழுப்பிப் பார்க்கிறோம். (மின்செலவு கேட்பவர்களுக்கு: நாள் முழுதும் சராசரி 40 வாட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 350 யூனிட்.)

கடைசி நாள்களில், இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருள் இணைத்த டிஸ்க் கூட்டணியில் தகவலை நிரப்பி, எல்லா மெய்நிகர் கணினிகளும் ஓடும்போது ஒரு டிஸ்க்கை உருவிவிடுகிறோம். வேறொன்றை வைத்து, கூட்டணி தானே மீள்கிறதா என்று பார்க்கிறோம். யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி தீரும் முன் சர்வர் ஒழுங்காக அணைகிறதா என்றும் பார்க்கிறோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இத்தனையும் செய்தாலும், இந்தப் பெட்டி உங்கள் பேக்கப் ஆகாது. ரெய்டு, அதாவது இப்படி டிஸ்க்குகளைக் கூட்டணியாக்குவது, டிஸ்க் சாவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் தவறி அழித்த படம் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஸ்னாப்ஷாட், அதாவது முந்தைய நிலையைச் சர்வரே தனக்குள் பதிந்துவைத்தது, இருந்தால் அந்தப் படம் திரும்பிவிடும். பெட்டியே களவுபோனாலோ தண்ணீர் புகுந்தாலோ ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்விடும். எனவே தனியே ஒரு வெளி டிஸ்க் இல்லாமல் எந்த சர்வரையும் இனி ஒப்படைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அந்த டிஸ்க்கை எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நிரப்பியதும் அதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

ஆர்டர் தரும்போது உங்கள் தகவல் இப்போது எத்தனை டெராபைட், எந்தெந்த மெய்நிகர் கணினிகள் வேண்டும், பெட்டி திறந்த இடத்தில் இருக்குமா மூடிய அலமாரியிலா என்று சொல்லுங்கள். அலமாரி என்றால் அதன் உள்ளளவும் வேண்டும்.

சர்வரை எடுத்துப்போக வரும் நாளில் உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். அதைச் சர்வரில் ஏற்றி, வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, சர்வரிலிருந்து உங்கள் கையாலேயே அழிக்கச் சொல்வோம். பிறகு வெளி டிஸ்க்கிலிருந்து நீங்களே அதை மீட்பீர்கள். படம் திரையில் வந்தபின்தான் பெட்டியைக் கட்டித் தருவோம்.

அன்புடன்,
சர்வர் கட்டமைப்புப் பிரிவினர்