எங்கள் மிருதங்கப் பட்டறையின் மார்கழி வேலை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வித்வான்களுக்கும், வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களை வண்டியில் உட்கார்த்தி மடியில் மிருதங்கத்தோடு கூட்டி வரும் பெற்றோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முன்பே எழுத வேண்டிய மடல் இது. கை ஒழியவில்லை.

மார்கழி நடுவில் சுற்றிய வாய்ஸ் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். "நாலு வருஷமா வர்ற என் பையன் மிருதங்கத்தை மூலையில வச்சுட்டு, நேத்து ஃப்ளைட்ல வந்தவருக்கு உடனே செஞ்சு குடுக்கறாங்க. டாலரைப் பார்த்துட்டாங்க." கூலி அதிகம் என்றும் அதில் இருந்தது. அது பரவாயில்லை. டாலர் என்ற சொல்தான் தூங்க விடவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவருடைய மிருதங்கம் ஹீட்டர் போட்ட வீட்டில் காய்ந்து கிடந்தது. நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் தோல் தொய்ந்து, சுருதி அரைக் கட்டை இறங்கிவிட்டது. நாலு மணிக்குக் கச்சேரி, பாடுகிற அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதி வேண்டும். வார் பிடித்து, தோலும் பின்னல் விளிம்பும் சேர்ந்த மூட்டைத் தட்டிச் சுருதி சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாட வீதிப் பிள்ளைகளிடம் வாங்கும் கூலியைத்தான் அவரிடமும் வாங்கினேன். ரசீதுப் புத்தகம் இங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மெசேஜில் சொன்ன அந்தத் தம்பியுடைய மிருதங்கத்தில் வலந்தலைச் சாதமே, அதாவது வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமே, பெயர்ந்திருந்தது. கிட்டான் என்ற கருப்புக் கல்லை இடித்துச் சலித்து, சோற்றோடு பிசைந்து, துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து, காய்ந்த பிறகுதான் அடுத்தது. மார்கழிப் பனியில் எங்கே காயும்? அவசரப்பட்டால் நாலாம் நாள் சாப்பு என்ற அடியை வாசிக்கும்போதே உதிரும். அந்த வேலையும் இந்த வேலையும் ஒன்றில்லை. ஆனால் மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கியதும், போனை எடுக்காமல் விட்டதும் என் தவறுதான். தம்பியிடமும் அவர் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. சாதம் போடும் பெரியவரை உங்களுக்குத் தெரியும், எங்கள் அப்பா காலத்து ஆள். கண் சரியாகத் தெரியாமல் ஐப்பசியோடு நின்றுவிட்டார். அவர் மகன் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறார். தினம் கையில் காசு, தோல் நாற்றம் கிடையாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் கச்சேரி சீசனே வேண்டாம் என்று சிலர் பேசுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. மாநாட்டுக்கு வந்த கூட்டம் ஊருக்குப் போய்விட்டது, டிசம்பர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து டி.டி.கே. சாலை வரைக்கும் அந்த ஒரு மாதத்தை நம்பி எத்தனை பிழைப்பு! காலியாகக் கிடக்கும் ஃப்ளாட்டுக்கு ஆள் வருகிறது, ஆட்டோக்காரருக்கு ராத்திரிச் சவாரி கிடைக்கிறது, சபா கேண்டீனில் பாட்டுக் கேட்காதவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் தெரு முனைப் பூக்காரம்மாவுக்கு எந்த சபாவில் எத்தனை மணிக்கு யார் பாடுகிறார்கள் என்பது மனப்பாடம். சரம் எத்தனை முழம் கட்டுவது என்பதே அதை வைத்துத்தான். மெட்ரோவுக்காகத் தோண்டி வைத்திருக்கும் இந்தத் தெருக்களிலும் கூட்டம் சுற்றிக்கொண்டு வரத்தான் செய்கிறது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த நகரத்தில் மூட்டுக் கட்டத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணும் நிலை வந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

சீசன் சோறு போடுகிறது, நிஜம்தான். ஆனால் 2020-இல் சபாக்கள் பூட்டி, கச்சேரியெல்லாம் செல்போனுக்குள் போன மார்கழியில் எங்களுக்குச் சோறு போட்டது நீங்கள். ஆன்லைன் கிளாஸில் வாசித்து வாசித்து உங்கள் பிள்ளைகள் கிழித்த தொப்பிகள், அதாவது இடது பக்கத் தோல்கள்தான் அந்த வருஷ வருமானம். வேலையே கொடுக்காமல், "அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணா" என்று முன்பணம் வைத்துவிட்டுப் போன மாமியை எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிறோம்.

அடுத்த மார்கழியில் செவ்வாயும் வெள்ளியும் உள்ளூர்ப் பிள்ளைகளின் வேலை மட்டும்தான். வாங்கும்போதே தேதி போட்டுச் சீட்டுத் தருவோம். தை முதல் வலந்தலைக்கு 400 ரூபாயும் தொப்பிக்கு 250 ரூபாயும் கூடியிருக்கிறது; டிசம்பர் 10-க்கு மேல் புது மூட்டு எடுப்பதில்லை. தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போகும் ஐந்து நாள் பட்டறை பூட்டியிருக்கும்.

மூலையில் ஏழு மிருதங்கம் தயாராக இருக்கிறது. அதில் இரண்டின் சீட்டு ஈரத்தில் அழிந்துவிட்டது. ஒன்றுக்குப் பச்சை உறை, ஜிப் கிழிந்தது. மற்றது தக்கு (தாழ்ந்த) சுருதி, உறையே இல்லை. உங்களுடையதாக இருந்தால் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்