திரும்பி வரும் தூரத்துக்குக் கட்டணம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் செயலி மூலம் பயணிகளை ஏற்றும் முச்சக்கரவண்டிச் சாரதிகளுள் நானும் ஒருவன். நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளியில் ஒருவரை இறக்கிவிட்டு, மறுபயணம் கிடைக்காமல் வெறும் வண்டியோடு உப்புவெளி வழியாகத் திரும்பும்போது எரிகின்ற பெற்றோல் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. செயலி நிறுவனமோ போகும் பயணத்துக்கான கட்டணத்திலும் தன் தரகைக் கழித்துக்கொண்டே மிகுதியைத் தருகிறது. வாடை தொடங்கியதும் கடற்கரை விடுதிகள் வெறிச்சோடிவிடும், லீசிங் தவணை மட்டும் மாதந்தவறாமல் வந்துவிடும்.

சென்ற வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலடியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வரைபடத்தில் பயணி நின்ற புள்ளி, கோயிலை ஒட்டிய பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு அப்பால் கடலுக்குள் கிடந்தது! கோட்டை வாசலில் காத்திருந்து, தொலைபேசியில் இடம் கேட்டு நெருங்குவதற்குள் அவர் பயணத்தை இரத்துச் செய்துவிட்டார். அவரைக் குறைகூற மாட்டேன், அன்றைய வெயில் அப்படி. ஆனால், அந்த வீண் ஓட்டத்துக்கு எனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பேருந்து நிலையத்தருகே நின்றால் தரிப்பிடச் சாரதிகள் முகஞ்சுளிக்கிறார்கள்; பல ஆண்டுகளாக அங்கேயே நிற்பவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆகவே, செயலிச் சாரதிகளுக்கென மாநகரசபை தனியிடம் ஒதுக்க வேண்டும் என்றும், நகருக்கு வெளியே செல்லும் பயணங்களுக்குத் திரும்பும் தூரத்தின் ஒரு பகுதியையேனும் கட்டணத்தில் சேர்க்க உரியவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்,
திருகோணமலை.