வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன; ஒன்று மழையால் நின்றது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. நூலக அலமாரிக்குப் பூட்டு மாற்றினோம்.

கிரேக்க வரலாற்றுத் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வரைபடச் செலவு குறித்துச் செயற்குழுவில் கேள்வி எழுந்தது.

செவ்வியல் காலம் எது என்பதில்தான் தொடங்கினோம். வழக்கமான கணக்கு கி.மு. 480 முதல் 323 வரை: சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் தோற்றதிலிருந்து பாபிலோனில் அலெக்சாந்தர் இறந்தது வரை. கைரோனியா போரில் ஏதென்ஸும் தீப்ஸும் வடக்கிலிருந்த மாசிடோனிய அரசிடம் தோற்ற 338-லேயே முடித்துவிட வேண்டும் என்றார் ஒரு மூத்த உறுப்பினர். நகர அரசுகளின் சுதந்திரத்தை அளவுகோலாகக் கொண்டால் அவர் சொல்வதே சரி. ஆனால் பண்பாடு அந்த ஆண்டுகளுக்குள் அடங்கவில்லை. இன்றைய மார்செய் நகரைக் கிரேக்கர் நிறுவியது கி.மு. 600 வாக்கில். சிசிலியில் சிரக்கூஸ் அதற்கும் முந்தியது. ஏதென்ஸை மட்டும் பார்த்தால் இவை கண்ணில் படாது.

அதற்காகவே பிளெக்ஸில் வரைபடம் அடித்தோம். முதலில் அடித்தது பாபிலோனோடு நின்றுவிட்டது. ஆப்கானிஸ்தானில் ஆமு தரியா ஆற்றங்கரையிலுள்ள ஆய் கானூம் என்ற பழைய கிரேக்க நகரைக் குறிக்க இடமே இல்லை. அங்கே நாடக அரங்கும் உடற்பயிற்சிக் கூடமும் கிடைத்திருக்கின்றன. கிரேக்க நாட்டு டெல்ஃபி ஆலயத்தின் அறிவுரைகளை அங்கே ஒரு கல்லில் கிரேக்க மொழியில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: சிறுவயதில் ஒழுக்கம், இளமையில் அடக்கம், நடுவயதில் நேர்மை, முதுமையில் நல்லாலோசனை, இறக்கையில் வருத்தமின்மை. டெல்ஃபிக்கும் அந்த ஊருக்கும் இடையே சுமார் 4,000 கி.மீ. காந்தஹாரில் 1958-இல் கிடைத்த அசோகர் கல்வெட்டும் கிரேக்கம், அரமேயம் என்ற இரு மொழிகளில் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு வரைபடம் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. மறுபடி அடித்தோம். கூடுதல் செலவு அதுதான். அதற்கு நானே பொறுப்பு.

ஆய் கானூம் கல்லைப் பற்றிப் பேசிய அன்று வந்தவர்கள் ஏழு பேர். காலையில் போனில் "கண்டிப்பாக வருகிறேன்" என்றவர்களே இருபதுக்கு மேல். இரண்டு மாதம் உட்கார்ந்து தயாரித்த உரை அது. மனம் கஷ்டப்பட்டது என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

சந்தா பாக்கி பாதிக்கு மேல் நிற்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறை வாடகை நீங்கலாக வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கின்றன. அறை தந்த உரிமையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுத் தொடரை கி.மு. 323-க்குப் பிந்திய காலத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து தொடங்க எண்ணம். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் என்ற பழைய நாணல்தாள் ஆவணம் வரை போகலாம்; நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சரக்கின் விவரம் அதில் கிரேக்க மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உரைகளை நான் தயார் செய்கிறேன். அறை நம்மிடம் இருக்குமா என்பது வாடகையைப் பொறுத்தது. பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

செயலாளர்